சங்கரபாண்டியின் நடைப் படம்

கறுப்புத் துணியின் ஈர வாடை. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எதுவும் காயாது... நாங்கள் படமெடுத்த அறையின் நான்கு சுவரிலும் தொங்கிய துணி அந்த சீசன் முழுக்க நாறிக்கொண்டே இருந்தது. கூடவே பேட்டரி அமிலத்தின் நெடி.

கூடப் படித்த நமக்குள் சுற்றிவரும் இந்தக் கடிதத்தில் ஆளாளுக்கு ஹாஸ்டல் வேடிக்கை எழுதுகிறீர்கள். என்னிடம் வேடிக்கை இல்லை. இதுதான் இருக்கிறது.

யுத்தத்தின் பின்பாதி. போட்டோகிராபி டிப்ளமோ வாங்கிய சூட்டோடு எனக்கு அகப்பட்ட முதல் வேலை. அருவிக்குப் போகும் பாதையில் ஒரு பங்களாவை, காயம்பட்ட சிப்பாய்கள் உடம்பு தேறுகிற விடுதியாக்கியிருந்தார்கள். அங்கிருந்த டாக்டருக்கு ஒரே சந்தேகம். நொண்டுகிறவர்களில் யார் நிஜமாக நொண்டுகிறார்கள், யார் திரும்பிப் போகாமலிருக்க நொண்டுகிறார்கள்? கண்ணால் பார்த்துச் சொல்வதில் அவருக்கு நம்பிக்கையில்லை. அளந்து சொல்ல ஆள் வேண்டும் என்றார். நான் போனேன். தென்காசியிலிருந்து தினமும் சைக்கிள்.

ஏற்பாடு சுலபம்தான். ஆளுக்குக் கறுப்பு உடை. இரண்டு பக்கமும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் டார்ச் பல்பு. இருட்டறையில் காமிராவைத் திறந்தே வைத்துவிட வேண்டியது. அதன் முன்னால் துளையிட்ட ஒரு தகரத் தட்டு, சாவி கொடுத்த கிராமபோன் மோட்டாரில் சுற்றும். துளை வரும்போதெல்லாம் காமிராவுக்குள் இருக்கும் கண்ணாடி பிளேட்டில் புள்ளி விழும். ஆள் நடந்து முடித்தால், கால் போன வழி முழுக்கப் புள்ளி வரிசை. போகும்போது காமிராப் பக்கம் வலது கால், மேல் வரிசை. திரும்பும்போது காமிராவைச் சற்று நிமிர்த்திவிட்டால் இடது கால், கீழ் வரிசை. இரண்டையும் கவராயத்தால் அளந்தால் தெரிந்துவிடும்.

பல்புகளோடு ஒருவர் வராந்தாவில் நடந்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள். சங்கரபாண்டி வந்த அன்றும் ஒருவன், "ஏலே, சப்பரம் கெளம்பிட்டு, வழி விடுங்கலே" என்றான்.

"சப்பரம்னா நாலு பேரு தூக்கணும்லே. வந்து தூக்கு" என்று அவர் திருப்பிக் கொடுத்தார்.

வாசுதேவநல்லூர்க்காரர். முப்பது வயதிருக்கும். இடது முழங்காலில் குண்டுச் சிதறல். நொண்டல் படத்தில் பதிந்தால் வீடு, மனைவி, வயல். பதியாவிட்டால் மறுபடி பர்மா எல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் தடவை அவர் பாதி அறை தாண்டுவதற்குள் மோட்டாரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அவ்வளவு மெதுவான நடை. பிளேட் வீண். இரண்டாவதும் வீண். யுத்த காலத்தில் பிளேட் எப்படிக் கிடைத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள். மூன்றாவதைச் செருகினேன்... பொறுமை போய்விட்டது. இருட்டில் நின்று கத்தினேன்.

"லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்... ரைட்..."

மூன்று வெளிச்சமும் ஒரு நிமிர்வு நிமிர்ந்தன. விறுவிறுவென்று போயின. திரும்பி வந்தன. ஓர் அடிகூடப் பிசகவில்லை.

விளக்கைப் போட்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தக் குளிரில் முகமெல்லாம் வேர்வை.

"சார், இத எழுதிராதீக. இது நான் நடக்கல சார். அந்தச் சத்தம் கேட்டா காலு தானா போயிருது."

நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆளை வரச் சொன்னேன்.

பிளேட் அற்புதமாக வந்திருந்தது. இரண்டு காலுக்கும் நூலளவுகூட வித்தியாசமில்லை. டாக்டர், முதல் இரண்டும் ஏன் வீணாயின என்று கேட்டார்.

"மெதுவா நடந்து ஏமாத்துதான் சார். வெரட்டினா நடக்கான்."

என் வாயால் சொன்னது. டாக்டர் தலையை ஆட்டினார். 'தகுதி' என்று எழுதினார்.

மூன்று வாரம் கழித்து, எலும்பு கோணலாகச் சேர்ந்த ஒருவன் வந்தான். எக்ஸ்ரேயிலேயே தெரிந்தது, நடிப்புக்கு வழியே இல்லை. என்னவோ தோன்றியது... சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்தேன். லெஃப்ட், ரைட் என்று கத்திக்கொண்டே இன்னொன்று எடுத்தேன். முதலாவதில் நொண்டல் பளிச்சென்று இருந்தது. இரண்டாவதில் தேடினாலும் இல்லை. உத்தரவுக் குரல் விழுந்ததும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சீராக நடந்திருக்கிறான். அத்தனை மாத டிரில் காலுக்குள் ஏறிக் கிடந்தது. நான் அளந்தது காலை அல்ல, அந்த டிரிலைத்தான்.

இரண்டு பிளேட்டையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார். காகிதமும் போயாச்சு, ஆளும் போயாச்சு என்றார்.

தை மாதம் சங்கரபாண்டியின் மனைவி வந்தார். ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்திருந்தது. மலைப்பாதையில் படை பின்வாங்கி நடந்தபோது பின்தங்கிவிட்டவர்களில் ஒருவர். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை.

"இங்கன வச்சு அவுகள போட்டோ எடுத்தீகளாமே ஐயா. கடுதாசியில எழுதியிருந்தாக. வீட்டுல அவுக படம்னு ஒண்ணு கெடையாது. அதத் தாங்க."

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? கறுப்புத் தாளில் வெள்ளைப் புள்ளிகள். முகமில்லை, ஆளில்லை. இது இடுப்பு, இது முழங்கால் என்று காட்டினேன். அவர் விரல் புள்ளிகளோடு கூடவே போனது.

"அடிபட்ட காலு எது?"

கீழ் வரிசையைக் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணு போலத்தான இருக்கு" என்றார்.

நான் கத்தியதைச் சொல்லவில்லை. அவர் படத்தை மடிக்காமல் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு போனார்.

இப்போது நான் ஒரு மில்லில் இருக்கிறேன். மோட்டார் எல்லாம் எலக்ட்ரிக். பிளேட்டுக்குப் பஞ்சமில்லை, சினிமா காமிராவே இருக்கிறது. அறுந்த இழையை முடிகிற பெண்களின் கைவேகத்தைப் படமெடுக்கிறோம். மேஸ்திரி பக்கத்தில் நின்றால் வெளியே அனுப்பிவிடுகிறேன். அறையில் யார் இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைக்கிறேன். படத்தைவிடக் குறிப்பு நீளம் என்று மானேஜர் எரிந்து விழுகிறார்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எல்லாம் எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது... அப்படி ஒரு நிச்சயம் அப்புறம் எனக்கு வாய்க்கவில்லை.

அந்தப் புள்ளிப் படத்தை வாசுதேவநல்லூர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்களாம். சொந்தக்காரர்கள் மாலை போடச் சொல்கிறார்களாம். அந்த அம்மாள் விடவில்லை. காணவில்லை என்றுதானே தந்தி வந்தது என்கிறாராம்.