ஒளிக்கல்லுக்கு எல்வுட் சொன்ன விலை

எல்வுட் ஃபென்ஸ்டர்மாக்கர் ஒரு குளிர்காலத்தில் பனியோடு சேர்த்து ஒரு தபால் பெட்டியையும் ஒரு கோழிக்கூட்டையும் தூங்கிக்கொண்டிருந்த பாதிரியார் ஒருவரையும் அடுத்த ஊர் எல்லை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனதாக எங்கள் பென்சில்வேனிய மலையில் ஒரு கதை உண்டு. பாதிரியாரை மட்டும் நான் சேர்த்தேன். தபால் பெட்டி என்னுடையதுதான்.

ஊராட்சியின் பனி ஒதுக்கும் வண்டியை ஓட்டி, மிச்சப் பனி உருக உப்புத் தூவிக்கொண்டு போவது அவன் வேலை. பனி கொட்டினால் எந்தச் சாலை முதலில், எந்தச் சந்து கடைசியில் என்று ஊராட்சி ஒரு வரிசை வைத்திருக்கிறது. எல்வுட் அதை மீறமாட்டான். ஊராட்சித் தலைவரே வாசலில் நின்று கையை ஆட்டினாலும், பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

அவன் அக்கா வெர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். ஒரு முட்டுச்சந்தின் கோடியில் அவள் வீடு. வரிசையில் அந்தச் சந்துக்குத்தான் கடைசி இடம். அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பிப்ரவரியில் இடுப்பளவு பனி விழுந்தது. வெர்னா தம்பிக்குப் போன் போட்டாள். வரிசைப்படி வந்துகொண்டிருக்கிறேன் என்றான். மறுபடி போட்டாள். அதையேதான் சொன்னான். அவன் வண்டி சந்துக்குள் திரும்பியபோது, கோட்டும் தொப்பியுமாக, மண்வாரியால் பாதி வழியைத் தானே வெட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தாள். அதற்குள் அம்மா போய்விட்ட சேதி வந்துவிட்டது. அன்றோடு தம்பியிடம் பேச்சை நிறுத்தினாள்.

நிறுத்தினாள் என்றால், ஒரு இடத்தில் மட்டும் பேசுவாள். ஆகஸ்டில், பனிச்சறுக்குக்கு ஆள் வராத மாதத்தில், மலைமேல் இருக்கிற ஓட்டலில் பலகை விளையாட்டுப் போட்டிகள் ஒரு வாரம் நடக்கும். அதில் 'ஏழு சூரியன்' எங்கள் ஆட்டம். ஈயத்தில் வார்த்த குட்டிக் கப்பலை நட்சத்திரம் நட்சத்திரமாக ஓட்டி, ஒரு கிரகத்தில் வாங்கியதை இன்னொரு கிரகத்தில் விற்க வேண்டும். இரண்டு கப்பல்கள் ஒரே துறைமுகத்தில் சந்தித்தால், பிந்தி வந்தவர் "என்ன சரக்கு?" என்று கேட்டாக வேண்டும், முந்தி நிற்பவர் பதில் சொல்லியாக வேண்டும், விலை படிந்தால் விற்கலாம். எங்கள் மேஜையில் அது சட்டம். வெர்னா சட்டத்தை மதிப்பவள். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, இருவரும் ஒரே மேஜையில் அமர நேர்ந்தால், தம்பியிடம் சரக்கு விசாரிப்பாள். அவனும் பதில் சொல்வான். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த ஆகஸ்ட் வரை அவன் காலம் தள்ளினான்.

சென்ற ஆண்டு அதற்கும் முடிவு வந்தது. வெர்னா வீட்டை விற்றுவிட்டு மகளோடு அரிசோனாவுக்குப் போகிறாள் என்றும், இதுதான் அவளுக்குக் கடைசிப் போட்டி என்றும் நடுவர் ஆர்டிஸ்தான் எல்வுட்டிடம் சொன்னாள். போன முறை வென்றவள் என்பதால் வெர்னா நேரே இறுதி மேஜைக்கு வந்துவிடுவாள். அவனோ எல்லாச் சுற்றிலும் ஜெயித்து ஏறி வர வேண்டும். அதுவரை ஒருமுறைகூட இறுதிக்கு எட்டாதவன்.

ஆனால் ஏறினான். அவன் அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. பீட்ரூட் சாற்றில் ஊறிய முட்டையை மேஜையோரம் வைத்துவிட்டு, அதைத் தின்ன மறந்து ஆடினான். அரையிறுதியில் அவனிடம் தோற்ற பல் வைத்தியர் நார்பர்ட், "இந்தாளு கப்பல் ஓட்டலப்பா, போற வழியெல்லாம் உப்பு தூவிக்கிட்டே போறான்" என்று புலம்பினார். எல்வுட் சிரிக்கவில்லை. இறுதி மேஜையில் எனக்கு இடம் கிடைத்தது எப்படி என்று கேட்காதீர்கள், அது தனிப் பொய். நான், வெர்னா, எல்வுட், மேரிலாண்டிலிருந்து வந்த, வாய் திறக்காத ஒருவர். ஆர்டிஸ் மேஜைத் தலைப்பில்.

எங்கள் கூட்டத்தில் மன்னிக்க முடியாத குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஏமாற்றலாம், அதாவது பொய்யாக ஆசை காட்டலாம், மிரட்டலாம், கெஞ்சலாம். ஆனால் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கக் கூடாது. விட்டுக்கொடுத்தால் எதிரில் இருப்பவரின் ஆட்டமே ஆட்டமில்லை என்று சொன்னதாக ஆகிவிடும். பச்சைக் குழந்தையோடு ஆடினாலும் நாங்கள் ஜெயிக்கத்தான் ஆடுவோம். என் பேரப்பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள்.

ஆட்டம் முக்கால்வாசி போயிருந்தது. எல்வுட் ஒளிக்கல் ஏற்றிக்கொண்டு ஓரத்துத் துறைமுகம் ஒன்றில் நின்றிருந்தான். ஏழு சூரியனில் ஒளிக்கல்லை மிஞ்சிய சரக்கு இல்லை. அதை உரிய கிரகத்தில் இறக்கினால் ஆட்டம் அவன் கையில். வெர்னா காலிக் கப்பலோடு அதே துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தாள். அந்தக் கல் கிடைத்தால் ஆட்டம் அவள் கையில்.

பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "என்ன சரக்கு?"

"ஒளிக்கல்லு, அக்கா."

"என்ன விலை?"

எல்வுட் உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். "ஒரு காசு."

மேரிலாண்டுக்காரர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஒரு காசுக்குக் காலிப் பெட்டிகூட வாங்க முடியாது. ஆர்டிஸ் பேனாவைக் கீழே வைத்தாள். என்னைக் கேட்டால், அந்த அறையில் இருந்த மீன்தொட்டி மீன்கூடத் திரும்பியது.

வெர்னா அப்போதுதான் தம்பி முகத்தைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "எனக்கா போடற பிச்சை?"

"பிச்சை இல்லக்கா. அன்னைக்கு நான் உன் சந்துக்குத்தான் முதல்ல..."

"எல்வுட், மேஜைல வெளிப்பேச்சு வேணாம்பா" என்றாள் ஆர்டிஸ். குரலில் அதட்டல் இல்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். அவன் வாயை மூடிக்கொண்டான்.

வெர்னா கப்பலைக் கையில் எடுத்துக்கொண்டு, ரொம்ப நிதானமாகச் சொன்னாள். "அன்னைக்கு வரிசைப்படிதான் வருவேன்னே. சரி, இவன் அப்படிப்பட்டவன்னு மனசத் தேத்திக்கிட்டேன். நம்ம அம்மாவுக்காக மாத்தாத வரிசைய ஒரு பொம்மைக் கல்லுக்காக மாத்துறியேடா."

சரக்கு வாங்காமல், காலிக் கப்பலோடு அந்தத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினாள்.

அதற்குப் பிறகு எல்வுட் எப்படி ஆடினான் என்பது அவனுக்கே தெரிந்திருக்காது. பனிக்காலத்தில் பாதித் தூக்கத்திலும் அவன் வண்டி சரியான தெருவில் திரும்புமே, அப்படிக் கை தானாக நகர்ந்தது. ஒளிக்கல் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று. அவன் ஜெயித்துவிட்டான். அந்த மேஜையில் ஜெயிக்க விரும்பாத ஒரே ஆள் அவன்தான். நான் தோற்றதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

தோற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஜெயித்தவரின் கையைக் குலுக்கி "நல்ல வியாபாரம்" என்று சொல்லிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். வெர்னா கடைசியாக வந்தாள். கையை நீட்டினாள். "நல்ல வியாபாரம்" என்றாள். மேரிலாண்டுக்காரருக்குச் சொல்கிற அதே குரல். எல்வுட் அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டான். அவளாகவே கையை உருவிக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு போனாள். வெளியே மகளின் கார் காத்திருந்தது. ஜெயித்தவர்தான் ஆட்டத்தைப் பெட்டியில் எடுத்து வைக்க வேண்டும். காசுகளையும் கப்பல்களையும் எல்வுட் வெகுநேரம் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கப்பலைக் கடைசியில் வைத்தான்.

வெற்றிப் பலகை இலையுதிர்காலத்தில் வந்தது. அவன் பெயர் நீளம் என்பதால் தச்சர் 'ஃபென்ஸ்டர்' வரைக்கும் செதுக்கி, மர ஓரம் வந்ததும் நிறுத்திவிட்டார். மீதியைச் சேர்த்துத் தரட்டுமா என்று ஆர்டிஸ் கேட்டாளாம். இதுவே போதும் என்றுவிட்டானாம்.

வெர்னாவின் வீட்டை வாங்கியவர்கள் கோடைக்கு மட்டும் வருகிறவர்கள். டிசம்பரில் அங்கே விளக்கு எரியாது. இந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்த காலையில், ஊராட்சி வண்டி எங்கள் சாலைக்கு வரத் தாமதமானது. காத்திருந்து அலுத்து, ஜன்னல் வழியே பார்த்தேன். மஞ்சள் விளக்கு சுழல, எல்வுட் அந்த முட்டுச்சந்துக்குள் போய்க்கொண்டிருந்தான். கோடி வரைக்கும் சுத்தமாக ஒதுக்கி, வாசல்படி வரை உப்புத் தூவி, பூட்டிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் எஞ்சினை அணைக்காமல் நின்றான். அப்புறம் பின்னால் எடுத்துத் திரும்பி வந்து, வரிசையில் முதலாவதான ஆஸ்பத்திரிச் சாலையில் தொடங்கினான்.

ஒவ்வொரு பனிக்கும் இப்படித்தான். ஊராட்சிக்குப் புகார் போக வேண்டியது. இதுவரை எங்களில் யாரும் போன் போடவில்லை.