எதிர்வீட்டில் முடிந்த பேய்ப்படம்

தொலைக்காட்சிக்கென்றே அந்தக் காலத்தில் எடுத்த பேய்ப்படங்களை இப்போது போனில் தேடிப் பார்க்கிறேன். பயப்படுவதற்காக அல்ல. பேய்க்குப் பவுடர் அதிகம், நடிப்பு குறைவு. ஒரு படத்தில் புகை போடுகிற ஆளின் முழங்கை கூடத் தெரிகிறது. இதற்கா அப்போது அப்படிப் பயந்தோம் என்று சிரிப்புத்தான் வருகிறது.

போன வாரம், சூரமங்கலத்தில் என் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருந்தபோது, ஒரு படம் கிடைத்தது. மலைப் பங்களாவில் ஒரு சிறுமி தனியாக இருக்கிறாள். டவுனுக்குப் போன அம்மா திரும்பவில்லை. யாரோ கதவைத் தட்டி, அம்மாவின் குரலில் கூப்பிடுகிறார்கள்.

சின்ன வயதில், நாமக்கல் பக்கத்து ஊரில், இதே படத்தை டிவியில் பார்த்தபோது, சரியாக இந்த இடத்தில்தான் எங்கள் வீட்டில் கரண்ட் போனது. அம்மா சேலத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்களைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்திருந்தாள். எங்கள் ஊரில் கரண்ட் கம்பியில் ஒரு பேஸ் போனால் தெருவில் ஒரு பக்கம் இருட்டு, மறுபக்கம் வெளிச்சம். எதிர்வீட்டில் டிவி ஓடியது. அக்கா அங்கே ஓடிவிட்டாள். இருட்டில் இறங்கத் தைரியமில்லாமல் நான் சித்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தவள் முடிவைச் சொன்னாள்: "நெசமான அம்மாவே வந்துட்டாங்க. பேயி ஓடியே போயிருச்சு."

நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதற்கப்புறம் பல நாள் விளக்கை அணைக்க விடாமல் அழிச்சாட்டியம் செய்தது அக்காதான். பயந்தாங்கொள்ளி என்று அவளைக் கேலி செய்திருக்கிறேன்.

மிச்சத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். அம்மா வரவேயில்லை. சிறுமி கதவைத் திறக்கிறாள், பவுடர் முகம் உள்ளே வருகிறது. அவ்வளவுதான், எழுத்துப் போட்டுவிட்டார்கள்.

திருச்செங்கோட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "ஏக்கா, அந்தப் பங்களாப் படத்துல அம்மா வரவே இல்லியே?"

எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை. "ஆமா, வரல. நீயி அப்ப தெனமும் வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. உங்கிட்டப் போயி அத எப்படிச் சொல்றது சாமி?"

அவள் பேத்தியின் காதுகுத்து எப்போது என்று ஏதோ கேட்டுவைத்தேன்.

எங்கள் அம்மாவும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. சித்தியால் சொல்ல முடியவில்லை. அதையும் அக்காதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்.