கணக்கில் வராது

எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றது. கல்லூரி வாசலை மிதித்ததெல்லாம் விண்ணப்பம் கொடுக்கத்தான். எந்தப் பட்டத்துக்குக் கணக்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை? படித்தவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் இதில் நடந்த தவறு என்னுடையது. அதனால் நானே எழுதுவதுதான் முறை.

ஆந்திர ராஜ்யம் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புத்தூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மதராஸில் சேருமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தச் சமயத்தில்தான் என் தங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அவளுக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை. புத்தூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களில் கையையோ காலையோ துணியால் கட்டிக்கொண்டு எலும்புக் கட்டுக்கு வருகிறவர்கள் தினமும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் அவள். தோலுக்குள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பாள்.

பள்ளியில் அப்போது இரண்டு விதக் கணக்கு இருந்தது. கடினமானது காம்போஸிட். எளிதானது ஜெனரல். பெண் பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்காமலே ஜெனரலில் உட்காரவைத்துவிட்டார்கள். “ஜெனரல் கணக்குக்குக் காலேஜே கிடையாது” என்று ஊரில் ஒருவர் சொன்னார். “பி.ஏ.வுக்கு மட்டும் போலாம்” என்றார் இன்னொருவர். திருப்பதியில் விசாரித்து வரும்படி நைனா, எங்கள் அப்பா, என்னை அனுப்பினார்.

நாலு பேர் நடுவில் பேசவே எனக்குக் கூச்சம். கல்லூரி அலுவலக ஜன்னலில் பெரிய வரிசை. என் முறை வந்ததும் தங்கையின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் பிரித்தேன். கணக்கு மார்க்கின் மேல் விரலை வைத்து, டாக்டருக்குப் போகிற பி.யு.சி. பிரிவுக்கு இது போதுமா என்று தெலுங்கில் கேட்டேன். குமாஸ்தா பார்த்தார்.

“இதி லெக்கலோக்கி ராதண்டி” என்றார். புத்தகத்தைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

தெலுங்கில் லெக்க என்றால் கணக்கு. இது கணக்கில் வராது. ஜெனரல் கணக்கெல்லாம் ஒரு கணக்கா என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். பின்னால் நின்றவர்களை நினைத்து நகர்ந்துவிட்டேன்.

வீட்டில் அப்படியே சொன்னேன். “கணக்குல வராதுன்னுட்டான் இல்ல, அப்புறம் இன்னா?” என்றார் நைனா. “நாராயணவனத்துக்காரங்க பொண்ணு பாக்க வரேன்னு சொல்லிகினே கீறாங்க. வெள்ளிக்கிழமை வரச் சொல்லிடறேன்.”

தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அன்று புதன்கிழமை. விண்ணப்பம் கொடுக்க மறுநாள்தான் கடைசி.

“அந்தாளு இன்னா சொன்னான்? தெலுங்குலயே சொல்லுண்ணா.”

சொன்னேன். குடத்தைக் கீழே வைத்தாள்.

“நூறு மாங்கா எண்ணிட்டு மேல அஞ்சு மாங்கா போடுறாரே நைனா, அத இன்னான்னு சொல்வாரு?”

“இது கணக்குல வராதும்பாரு.”

“அந்த அஞ்சு மாங்காயும் கணக்குல பெயிலாண்ணா?”

எனக்குச் சட்டென்று உறைத்தது. அந்த மார்க்கைச் சேர்க்கவே மாட்டோம், அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்றுகூட அவர் சொல்லியிருக்கலாம். எது என்று நான் கேட்கவில்லை.

நைனாவிடம் போனோம். “ஒரு தபா போயி வாய மூடிகினு வந்தவன் தானேடா நீ” என்றார். “சரி, போ. அதே பேச்சோட திரும்பி வந்தா, வெள்ளிக்கிழமை இவ பொடவ கட்டிகினு கூடத்துல வந்து நிக்கணும். அழக் கூடாது.”

“நிக்கறேன்” என்றாள் தங்கை.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் போனோம். கேட்க வேண்டியதை ரேணிகுண்டா தாண்டும் வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். ஜன்னல் பக்கம் வந்ததும் தங்கை முன்னால் போகப் பார்த்தாள். “நில்லு, நான் கேக்கறேன்” என்றேன்.

“மள்ளி வச்சாரா?” என்றார் குமாஸ்தா, திரும்பவும் வந்துவிட்டாயா என்று.

“லெக்கலோக்கி ராதண்டே ஏமண்டி? சீட்டு ராதா, மார்க்கு ராதா?” வராது என்றால் வராதது சீட்டா, மார்க்கா என்று கேட்ட என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வரிசையில் சிரித்தார்கள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “மார்க்கு ராது. சீட்டு எந்துக்கு ராதண்டி?” மார்க்குதான் வராது, சீட்டு ஏன் வராது என்று கேட்டுவிட்டு, அந்தப் பிரிவுக்கு சயின்ஸ் மார்க்கும் இங்கிலீஷ் மார்க்கும்தான் பார்ப்பார்கள், கணக்கு எதுவானாலும் சரி என்றார்.

நான் நகரவில்லை. சரித்திர பி.ஏ.வுக்கு? வேண்டாம். காமர்ஸுக்கு? ஜெனரலே போதும். இன்ஜினீயருக்கு? அதற்குக் காம்போஸிட் இல்லாமல் முடியாது. பின்னாலிருந்து ஒருவர், “யோவ், ஊருக்கே சீட்டு கேட்டுகினு கீறியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். வருகிற வருஷம் இன்னொரு வீட்டுப் பெண் தேறுவாள், அந்த அண்ணனும் இந்த ஜன்னலுக்கு வந்து நிற்பான் என்று தோன்றியது.

கடைசியாக, சொன்னதை எழுதித் தரச் சொன்னேன். “ராசி இவ்வாலா?” எழுதி வேறு தர வேண்டுமா என்று முறைத்தார். எழுதித்தான் தர வேண்டும் என்றேன். ஒரு பழைய பாரத்தின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். தங்கை அங்கேயே சுவரில் வைத்து விண்ணப்பத்தை நிரப்பினாள். ஜன்னலைச் சாத்துவதற்குள் கொடுத்து ரசீது வாங்கினோம்.

அன்று சாயங்காலம் அந்த நாலு வரியை நைனாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் நைனா சைக்கிளில் நாராயணவனம் போய், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். நான் கரும்புக்குத் தண்ணீர் கட்டினேன்.