கசப்புக் காபி கேட்ட விருந்தாளி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தப் பெட்டியைத் திறந்தவன் நான்.

அல்பேனியாவில் எங்கள் கொர்ச்சா ஊரில் தொல்லியல் அறிஞர் பெத்ராக்கைத் தெரியாதவர் கிடையாது. அத்தனை பேரும் புகழும் ஒரே புதைகுழியால் வந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய மண்மேடு. உள்ளே ஒரு தாயின் எலும்புக்கூடு, மடக்கிய இடக்கையில் பச்சைக் குழந்தை.

"தாயையும் பிள்ளையையும் பிரிக்க மாட்டேன். திரும்ப இதே மண்ணுல வெச்சிடுவேன்."

அப்படிக் கைகொடுத்துச் சத்தியம் செய்த பிறகுதான் கிராமத்தார் தோண்டவே விட்டார்கள். ஆனால் குழந்தையை மட்டும் அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததும் பெத்ராக் மறுக்கவில்லை. குழந்தை தலைநகர் திரானாவின் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குப் போனது. தாய் நான் காவல் பார்க்கும் எங்கள் ஊர் அருங்காட்சியகக் கிடங்கில், மரப்பெட்டியில். இவருக்குப் பதவி வந்தது, தூக்கம் போனது. வாக்குத் தவறியவன் முகத்தில் எங்கள் ஆட்கள் விழிக்க மாட்டார்கள். அவரே கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டார்.

பனி கொட்டிய ஒரு சாயங்காலம். மணி நான்கு.

டொக்... டொக்...

"வீட்டுக்காரரே!"

பெத்ராக்கின் வீட்டு வாசலில் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண். வாசலில் வந்து நிற்பவரை உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியாது. கூப்பிட்டார். சால்வைக்குள் அவள் இடக்கை மடங்கியே இருந்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மனைவி ஒலிம்பி காபியும் மிட்டாயும் கொண்டுவந்தாள். வந்தவள் மிட்டாயைத் தள்ளிவைத்தாள்.

"சர்க்கரை போடாத காபி குடும்மா."

துக்க வீட்டில்தான் அப்படிக் குடிப்பார்கள்.

"எங்க வீட்ல யாரும் சாகலையே அக்கா!"

கசப்புக் காபி வந்தது. குடித்தாள். எழுந்தாள்.

"மிச்சம் இருக்கிறவங்க நல்லா இருங்க."

அது துக்கம் விசாரிக்கிற வார்த்தை. 'மன்னிச்சிடு தாயி' என்று சொல்ல பெத்ராக் வாசல் வரை போனார். அவள் போய்விட்டாள்.

"பாவம், குழந்தையோட அடுப்புப் பக்கமா உட்கார்ந்திருக்கலாம்" என்றாள் ஒலிம்பி.

"எந்தக் குழந்தை?"

"சால்வைக்குள்ள தூங்குச்சே, பார்க்கலையா? நீலத் தொப்பி... நம்ம பேரனுக்கு நான் பின்னி அனுப்பினேனே, அச்சு அசல் அதே மாதிரி."

போன் அடித்தது...

திரானாவிலிருந்து மகள். ஒரே கதறல். தொட்டிலில் தூங்கிய பிள்ளை எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்குத்தான் பார்த்தார்களாம். தலையில் இருந்த தொப்பியை மட்டும் காணோம்.

பேரனைப் புதைத்துவிட்டு, சண்டை போட்டு அந்தப் புதைகுழிக் குழந்தையின் எலும்புகளை வாங்கிவந்தார் பெத்ராக். தாயோடு சேர்த்து மண்ணில் வைக்க.

கிடங்கில் தாயின் பெட்டியைத் திறந்தோம். அரக்கு முத்திரை நான் வைத்தது. உடையவில்லை.

உள்ளே இடக்கை எலும்புகள்...

அவற்றின் நடுவே, சின்ன நீலத் தொப்பி.