அரைப்படி கீழே

என் பெடல் ஸ்டீல் கிட்டார் இஸ்திரி மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். கம்பிகள்மேல் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டு, கீழே பெடல்களை மிதித்து வாசிக்க வேண்டும். போன காப்பி சீசனில் ஒரு புதுப் பயிற்சி என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்கேலில், அதாவது சுர வரிசையில், ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால், அதற்கு அரைப்படி கீழே ஒட்டியிருக்கும் சுரத்தைத் தொட்டுவிட்டு ஏற வேண்டும்.

கிளியூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, வாசலில் காயப்போட்ட காப்பிக்கொட்டையைக் காலால் கிளறியபடி தினமும் இதைக் கேட்டார். மூன்றாம் நாள் வேலியோரம் வந்துவிட்டார்.

“ஏனுங்க தம்பி, ஒவ்வொண்ணையும் தப்பா வாசிச்சுப்போட்டுத்தான் திருத்துவீங்களா?”

“தப்பில்லைங்க அக்கா, டெக்னிக்” என்றேன். மோசமாக வாசிக்கிறவர்கள் எல்லாரும் சொல்கிற பதில்தான்.

“நொம்ப சந்தோசமுங்க” என்று திரும்பிப் போனார்.

மறுநாள் ஸ்கேலின் உச்சிச் சுரத்துக்கு முந்தைய அரைப்படியைத் தொட்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கியது. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வெளியே காப்பி கிளறும் சத்தமும் நின்றது.

“ஏனுங்க, தப்ப மட்டும் வாசிச்சுப்போட்டு எங்க போறீங்க? சரியானதையும் வாசிங்க. எனக்குக் கால் நகர மாட்டேங்குது.”