சவர்க்காரம் மணத்த தொட்டில்கள்

தங்கச்சி காலையில் கார்மென்ட் வேலைக்குப் போனதிலிருந்து அவள் பிள்ளை விடாமல் அழுதது. காய்ச்சலோ என்னவோ என்று பயந்து தொட்டிலுக்குள் முகத்தை வைத்தேன். துவைத்துக் கட்டிய சேலையில் சவர்க்கார வாசனை.

நமுனுகுலவில், இப்போது புல் மண்டிக் கிடக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் பழைய சேலையிலேயே தொட்டில் கட்டிப் பிள்ளைகளை விட்டுப்போவார்கள். தேயிலைச் சாயமும் வியர்வையும் மணக்கும் அந்தச் சேலைக்குள், அப்போது கைக்குழந்தையாக இருந்த தங்கச்சி உட்பட எல்லாப் பிள்ளைகளும் அடங்கிக் கிடக்கும். தோட்டத்துத் துரை பார்வையிட வருகிறார் என்று ஒருநாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா அத்தனை சேலைகளையும் துவைத்துக் கட்டிவிட்டார். பிள்ளைகள் ஒன்றாகக் கத்த, குளவி கொட்டிவிட்டதென்று அம்மாவும் மற்றவர்களும் மலையிலிருந்து கூடையோடு ஓடி வந்தார்கள்.

"வேலைய விட்டா அரைப்பேருதான், பாதிச் சம்பளம்!" என்று கங்காணி பின்னாலேயே வந்து கத்தினார்.

"அப்ப நீங்க தாலாட்டுங்க கங்காணி, நாங்க போறோம்," என்றாள் அம்மா.

சிரித்துக்கொண்டே எல்லாரும் தலைத்துணியை அவிழ்த்துப் பிள்ளைகளுக்கு அடியில் விரித்தார்கள். அழுகை அடங்கியதும் வெறுந்தலையோடு தூறலில் மலையேறினார்கள். அன்று யாருக்கும் அரைப்பேர் விழவில்லை.

தங்கச்சி நேற்றுக் கழற்றிப்போட்ட சட்டையைத் தேடியெடுத்துத் தொட்டிலில் வைத்தேன். பிள்ளை தூங்கிவிட்டது. வெளியே தூறுகிறது, அவள் குடை எடுத்துப்போனாளோ என்னவோ.