பட்டு ஜிப்பாவும் ஹைட்ரஜன் வேலியும்

எனக்குப் பழிவாங்கும் குணம் உண்டு, தைரியம் கிடையாது. இரண்டும் ஒரே உடம்பில் குடியிருந்தால் மனிதன் பாதுகாப்பு விதிகள் எழுதத் தொடங்கிவிடுவான்.

வங்காளத்தில், சாந்த்ராகாச்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிடங்கு. சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுத்த ஹைட்ரஜன், நீண்ட உருளைகளில் அழுத்தி அடைக்கப்பட்டு, லாரிகளில் வந்து இங்கே தங்கிப் போகும். புகை விடாத நல்ல எரிபொருள். ஆனால் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பட்டுத்துணி உரசிப் பிறக்கும் பொறிகூடப் போதும், பற்றிக்கொள்ளும். ஆகவே கம்பிவேலிக்குள் நெருப்பு, செல்போன், பட்டு, நைலான் எதுவும் கூடாது என்று விதிகளை எழுதினேன். ஒரு மழைக்காலம் முழுக்க எழுதினேன்.

மேலாளர் அவற்றை அலிப்பூரில் அதிகாரிகள் முன்னால் தன் பெயரில் வாசித்தார். பலத்த கைதட்டல். கடைசி வரிசையில் நானும் தட்டினேன். என் கை என் பேச்சைக் கேட்பதில்லை. அவரும் என்னைப்போல் தமிழர்தான், ஆனால் இங்கேயே டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவர். திரும்பும்போது காரில், "உங்க டைப்பிங் ரொம்ப நீட்டா இருந்துச்சு" என்றார்.

டைப்பிங். அந்த ஒரு வார்த்தையை விசுவகர்மா பூஜை வரை வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று இந்த ஊரில் ரிக்‌ஷாவிலிருந்து ரயில் என்ஜின் வரை பொட்டும் மாலையும் வாங்கிக்கொள்ளும். எங்கள் லாரிக்கும் உண்டு. தூபமும் விளக்கும் மட்டும் கேண்டீனில் இருக்கும் சிலையோடு நின்றுவிடும். லாரிக்கு முதல் மாலை போடுவது மேலாளரின் உரிமை. அந்த வருடம் தலைமையகத்திலிருந்து ஒரு வங்காளிப் பெரியவர் பருத்தி வேட்டியில் வந்திருந்தார். மேலாளரின் பதவி உயர்வு அவர் கையில். மேலாளரோ சந்தன நிறப் பட்டு ஜிப்பாவில், மாலையோடு வேலிக்கதவுக்கு வந்தார். ஒன்றை வாசித்துக் காட்டுபவர்கள் அதைப் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நான் கதவில் நின்றேன். "சார், பட்டு."

"தெரியுது. விடுங்க மொஷாய், ரெண்டு நிமிஷம்தான்," என்றார். மொஷாய் என்ற வங்காள ‘ஐயா’வைத் தவிர மற்றதெல்லாம் பெரியவருக்குப் புரியாத தமிழ்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி வங்காளத்தில் சொன்னேன்: "நீங்களே எழுதிய விதி சார். நான் எப்படி மீறுவேன்?"

பெரியவர் திரும்பினார். "இவர் எழுதியதா?"

"அலிப்பூரில் வாசித்ததும் இவர்தான்," என்றேன், பெருமை வழிய.

மேலாளர் பல்லைக் கடித்தபடி மறுபடி தமிழுக்கு இறங்கினார். "எழுதினது நீங்கதானே. இப்ப ஏன் மானத்த வாங்குறீங்க?"

"இதை அப்படியே வங்காளத்துல சொல்லுங்க சார். என் அலமாரியில துவைச்ச காட்டன் கோட் இருக்கு, எடுத்துத் தரேன்."

மாலையைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். ஒரு கணம், சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். பிறகு பெரியவரிடம் மாலையை நீட்டி, "விதி என்றால் எனக்கும் விதிதானே" என்றார், கணீரென்ற வங்காளத்தில். பெரியவர் நெகிழ்ந்துபோனார்.

குளிர்காலத்துக்குள் பதவி உயர்வு வந்துவிட்டது. அதற்கு நான் செய்த உதவியை என் எதிரிகூட மறுக்க முடியாது.

போன வாரம் அவர் தலைமையகத்திலிருந்து என் செல்போனில் கூப்பிட்டார். ஹைட்ரஜன் லாரிகள் ஊருக்குள் போவதற்கான விதிகளையும் அவரே எழுத வேண்டும் என்று பெரியவர் ஆசைப்படுகிறாராம்.

"உங்களால மட்டும்தான் முடியும்," என்றார். குரலில் முதல்முறையாக மரியாதை.

"நல்ல டைப்பிஸ்டா ஒருத்தரைப் பாருங்க சார்," என்று வைத்துவிட்டேன்.

வேலிக்கு வெளியே நின்றுதான் பேசினேன். விதி.